கருத்தடை வரலாற்றில் மணமாகா மகளிர்

இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை 1952ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அது முதலாக எழுந்த ஆவணங்களை நோக்கின், மனைவியும் தாயும் தம்பதியரும் பேசப்படுதலைக் காண்கிறோம். மணமாகாப் பெண்ணோ நெடுங்காலம் அவற்றில் இடம்பெற்றிலள். இந்நிலை எங்ஙனம் மாறிற்று என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் புள்ளிவிவரச் சான்றினைக் காண்போம். தேசியக் குடும்பநல ஆய்வு 1992-93, 1998-99 ஆகிய இரு முறையும், மணவாழ்வு கண்ட மகளிரையே வினவிற்று. மணமாகாதாரும் வினவப்பட்டது 2005-06இல் நிகழ்ந்த மூன்றாம் ஆய்விலேயாம். ஆகவே, முன்னைய ஆய்வுகளில் அவர்தம் கருத்தடை அறிவு பற்றிய செய்தி இல்லாமைக்கு, அவர்கள் அறியாமை காரணமன்று, வினவப்படாமையே காரணமாம். வினவப்பட்ட பின்னரும், பழிக்கு அஞ்சி உண்மையை மறைத்தல் கூடும். எனவே, பயன்பாடு குறித்து அவர்கள் கூறிய அளவை முழு அளவாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இனிச் சட்டத்தின் சொல்லாட்சியைக் காண்போம். 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை முறை பயனளியாது போய்க் கருவுற்ற பெண்ணின் துயரை, மனநலத்திற்கு நேர்ந்த பெருங்கேடாகக் கொள்ளலாம் என்றது. ஆயின் அவ்விளக்கம் 'மணமான பெண் அல்லது அவள் கணவன்' கையாண்ட முறைக்கே உரியதாயிற்று. நோக்கமும் 'குழந்தைகளின் எண்ணிக்கையை வரையறுத்தல்' என்றே குறிக்கப்பட்டது. மகப்பேறே காணாத கன்னிக்கு வரையறுக்க எண்ணிக்கை ஏது? அதே முறையைக் கையாண்டு அதே துயருற்ற மணமாகாப் பெண்ணுக்கு இவ்விளக்கம் துணைநின்றிலது.

2021ஆம் ஆண்டின் திருத்தம், 'எந்தப் பெண்ணும் அல்லது அவள் துணைவரும்' என மாற்றி, 'கருவுறுதலைத் தடுத்தல்' என்பதனையும் சேர்த்தது. 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பில் மணமாகாப் பெண்ணை விலக்குதல் சமத்துவத்திற்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது.

தமிழகத்தில் இக்கருத்து முன்னரே அரும்பியது எனலாம். 1930களை ஒட்டிப் பெரியார் 'கர்ப்பத்தடை'யை வலியுறுத்தியபோது, உடல்நலம், வறுமை என்னும் காரணங்களினும் மேலாகப் பெண்ணின் விடுதலையையே முன்வைத்தார். விடுதலையே நோக்கமாயின், மணம் ஆயிற்றா என்னும் வினாவிற்கு அங்கு இடமில்லை. அந்நோக்கத்தைச் சட்டத்தின் சொல் எட்டுதற்குத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. ஒரு சொல்லின் குறுக்கம் எத்துணைப் பேரைப் புறத்தே நிறுத்தவல்லது என்பதனை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.