சிரசு பிறந்த கதை

வைகாசி முதல் தேதி. குடியாத்தம் தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் தலை மட்டும் தனியாக ஊர்வலம் புறப்படுகிறது. முன்னால் பம்பை, சிலம்பம், புலியாட்டம். வழி நெடுகத் தேங்காய் உடைபடுகிறது. கவுண்டன்யா ஆற்றங்கரையில், கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் ஓர் உடல் காத்திருக்கிறது. அதன்மேல் தலையைப் பொருத்துகிறார்கள். கண் திறப்பு நடக்கிறது. இரவு தலையும் உடலும் மறுபடி பிரிக்கப்படுகின்றன. இதுதான் சிரசுத் திருவிழா.

தலை ரேணுகாதேவியுடையது. உடல் வேறொருத்தியுடையது. ஒருத்தி தலை இன்னொருத்தி உடலுக்கு எப்படி வந்தது?

கிராமத்தில் சொல்லும் கதை இது. ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகை. அவள் கற்பின் வலிமையால் ஆற்று மணலே குடமாகத் திரண்டு நீர் தாங்கும். ஒருநாள் வானில் போன கந்தர்வனின் நிழல் நீரில் விழுந்தது. அழகாக இருக்கிறானே என்று ஒரு கணம் நினைத்தாள். குடம் கரைந்தது. வெறுங்கையோடு வந்தவளைக் கண்ட முனிவர், அவள் தலையை வெட்டச் சொல்லி மகன்களுக்கு ஆணையிட்டார். கடைசி மகன் பரசுராமன் கோடரியைத் தூக்கினான். சேரிக்கு ஓடியவளை அங்கிருந்த ஒருத்தி காப்பாற்றக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒரே வெட்டில் இரண்டு தலைகளும் விழுந்தன. என்ன வரம் வேண்டும் என்று தகப்பன் கேட்டபோது, அம்மாவின் உயிர் வேண்டும் என்றான் மகன். தலைகளைப் பொருத்தும்போது கை பதறியது. தலை மாறிப்போனது. ரேணுகையின் தலை, காப்பாற்ற வந்தவளின் உடலில் சேர்ந்தது. மாரியம்மன் பிறந்தாள்.

மகாபாரதத்தின் வன பர்வம் இதே கதையை வேறு விதமாகச் சொல்கிறது. அங்கே தலை மாறுவதில்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. தாயைக் கொல்ல மறுத்த மூத்த மகன்கள் நால்வரையும் ஜமதக்னி சபிக்கிறார். அவர்கள் அறிவிழந்து விலங்கும் பறவையும் போல ஆகிவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகக் கனமான இடம் இதுதான். மனிதத்தன்மை காட்டியவர்கள் மிருகமானார்கள். மிருகச் செயல் செய்தவன் மனிதனாகவே நின்றான். பிறகு பரசுராமன் வரம் கேட்கிறான். அம்மா எழ வேண்டும். தான் வெட்டப்பட்டது அவளுக்கு நினைவிருக்கக் கூடாது. அந்தப் பாவம் தன்னைத் தீண்டக் கூடாது. அண்ணன்மார் பழையபடி ஆக வேண்டும். எல்லாம் கிடைத்துவிடுகிறது.

ஆக, நூலில் மறதி வரமாகிறது. ஊர்வாய்க் கதை அந்த வரத்தை ஏற்கவில்லை. வெட்டிய கோடரி பரசுராமன் கையிலேயே ஒட்டிக்கொண்டது, தீர்த்தம் தீர்த்தமாக அலைந்தும் விழவில்லை என்கிறது ஒரு கதை. கடைசியில் அது விழுந்த இடம் என்று அருணாசலப் பிரதேசத்தின் பரசுராம் குண்டத்தைக் காட்டுகிறார்கள். மகர சங்கராந்தி அன்று பக்தர்கள் இன்றும் அங்கே நீராடுகிறார்கள். கோடரியை விடுவித்த கதை அது. தலையை விடாத கதை நம்முடையது. மாறிய தலையை மாறியபடியே வைத்து, ஆண்டுதோறும் எல்லோர் கண்முன்னும் பொருத்திக் காட்டுகிறோம்.

பாதி மனிதன் பாதி மிருகம் என்ற சாபம் மேற்கிலும் உண்டு. மனித மாமிசத்தைக் கடவுளுக்குப் பரிமாறியதால் ஓநாயாக்கப்பட்ட லைக்காவோன் அரசன் கதை கிரேக்கருடையது. 1941ல் வந்த 'தி உல்ஃப் மேன்' படத்தில் லாரி டால்பட் ஓநாய் கடித்துச் சாபத்துக்கு ஆளாகிறான். இரவில் கொல்கிறான், விடிந்ததும் குற்ற உணர்வில் துடிக்கிறான். கடைசியில் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியால் அவனை அடித்துக் கொல்பவர் அவன் தகப்பனார். அங்கே மாறிய உடலுக்கு முடிவு சாவு. இங்கே மாறிய உடலுக்குக் கோயில்.

பரசுராமனின் கோபம் கர்நாடகத்துக் கோலாரிலும் பேர் பதித்திருக்கிறது. கார்த்தவீரியார்ச்சுனன் என்ற அரசனை அவன் வீழ்த்தியபோது எழுந்த கோலாகலமே ஊர்ப் பெயரானது என்பது அங்குள்ள தலபுராணம். கல்வெட்டுகளில் அந்த ஊர் குவளாலபுரம். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளோடு நிற்கும் கோலாரம்மன் கோயிலில், அம்மனை நேருக்கு நேர் பார்க்காமல் கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் பார்த்து வணங்கும் வழக்கம் உண்டு. பார்வை அவ்வளவு உக்கிரமாம். தாயை வெட்டிய மகனும் அவள் முகத்தை நேராகப் பார்த்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கோலார் பக்கம்தான் 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கச் சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து கூலிக்கு ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலோர் சேரிகளிலிருந்து வந்தவர்கள். 1894ல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் பக்கம் ரயிலும் வந்தது. சுரங்கத்து லைன் வீடுகளில் குடியேறியவர்கள் கையோடு மாரியம்மனையும் கொண்டுவந்தார்கள். ஏன் இவளை என்று கேட்கத் தேவையில்லை. முனிவர் மனைவியின் தலையைத் தாங்கி நிற்பது அவர்கள் வீட்டுப் பெண்ணின் உடல்.

அவர்கள் வாழ்வும் அப்படித்தான் இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. பாறை வெடித்தது, தூசி நெஞ்சில் இறங்கியது. மேலே தலை மின்னியது, கீழே உடல் சுமந்தது. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் போய்விட்டது. சயனைடு மேடுகள் இன்றும் நிற்கின்றன.

சிரசுத் திருவிழாவில் தலையைத் தாங்கும் அந்த உடலுக்குக் குடியாத்தத்தில் வழங்கும் பெயர் 'சண்டாளச்சி உடல்'. அது வசைச் சொல். ஓடிவந்தவளைச் சாதி பார்க்காமல் கட்டிப்பிடித்து, அதற்காகவே வெட்டுப்பட்டவள் அவள். அவள் பெயரைக் கதை சொல்லவில்லை. இந்தக் கதையில் ஒரு தவறும் செய்யாதவள் அவள். அடுத்த வைகாசி முதல் தேதி தேங்காய் உடைக்கப் போகிறவர்கள் தலையைக் கும்பிட்ட பிறகு ஒரு கணம் நின்று, அந்த உடலையும் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.