அம்சாக்டா

அம்சாக்டா: புலி அந்துப்பூச்சிகளுள் ஒரு பேரினம். மதுரைப் பக்கம் இந்தப் பெயர் யாருக்கும் தெரியாது; ஆனால் இதன் புழுவான சிவப்புக் கம்பளிப்புழுவை அறியாத கடலைக்காரர் இல்லை. குளிர்நாடுகளில் பனி விலகியதும் சில அந்துப்பூச்சிகள் வெளிவரும். நம் மானாவாரிக் காடுகளில் அம்சாக்டாவை எழுப்புவது மழை.

வகைப்பாடு: பேரினத்தை 1855-இல் ஏற்படுத்தியவர், பிரிட்டிஷ் அருங்காட்சியகப் பூச்சிகளைப் பட்டியலிட்ட பிரான்சிஸ் வாக்கர். ஹாம்ப்சன் 1894-இல் வெளியிட்ட இந்திய அந்துப்பூச்சி நூலின் இரண்டாம் தொகுதியில் புலி அந்துப்பூச்சிகள் ஆர்க்டிடே என்ற தனிக் குடும்பம். மரபணு ஆய்வுகளுக்குப் பின் அது எரிபிடே குடும்பத்தின் துணைக்குடும்பமாகச் சுருங்கிவிட்டது. வாக்கரின் மாதிரி இனம் ஆப்பிரிக்காவுக்கு உரியது. எனவே இந்திய இனங்களை அலோவா முதலிய பேரினங்களுக்கு மாற்றுவோர் உண்டு. வேளாண் நூல்கள் பழைய பெயரை விடவில்லை. இங்கும் அதுவே கொள்ளப்படுகிறது. தென்னாட்டில் மிகுதி அல்பிஸ்ட்ரைகா, வடநாட்டில் மூரேய். முன்னிறகின் முன்விளிம்பில் மஞ்சள் கோடு இருந்தால் முன்னது, சிவப்பு என்றால் பின்னது. பிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சி நூலிலும் (1914) ராமகிருஷ்ண ஐயரின் கையேட்டிலும் (1940) இப்புழுவுக்கு இடமுண்டு.

வாழ்க்கை: கனமழை பெய்து மண் நனைந்தபின், பொழுது சாயும் நேரத்தில் வெள்ளை அந்துப்பூச்சிகள் மண்ணிலிருந்து மேலேறுகின்றன. ஒரு தாய்ப்பூச்சி 600 முதல் 700 முட்டை வரை இலையடியில் குவியலாக இடும். இரண்டு மூன்று நாளில் குஞ்சுப் புழுக்கள் வெளிவந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்னும், இலை சல்லடையாகும். வளர்ந்த புழு செம்பழுப்பு உடல், இரு முனையிலும் கறுப்புப் பட்டை, உடலெங்கும் நீண்ட மயிர். கடலை, தட்டைப்பயறு, ஆமணக்கு எதையும் விடாது. ஒரு காட்டைத் தீர்த்துவிட்டுக் கூட்டமாக அடுத்த காட்டுக்கு ஊர்ந்து போகும். நாற்பது, ஐம்பது நாள் தின்றபின் வரப்போரத்திலும் மரநிழலிலும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த ஆண்டு மழைவரை உறங்கும்.

கட்டுப்பாடு: கோடை உழவில் மேலே புரளும் கூட்டுப்புழுக்களை வெயிலும் பறவைகளும் தீர்க்கும். மழைக்கு மறுநாள் இரவுகளில் தீமூட்டமோ விளக்குப்பொறியோ வைத்தால் தாய்ப்பூச்சிகள் வந்து விழும். புழு நடக்கத் தொடங்கிவிட்டால் காட்டைச் சுற்றி ஓரடி ஆழத்தில், செங்குத்தான ஓரமுள்ள வாய்க்கால் வெட்டவேண்டும்.

இன்றைய நிலை: மானாவாரிக் கடலை உள்ள இடங்களில் இப்போதும் தோன்றுகிறது. ஒருவர் மட்டும் உழுது பயனில்லை. ஊரே சேர்ந்து செய்தால்தான் அடங்கும்.