புலவருக்காகப் பேசிய புலவர்

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகும் சாலையில், கள்ளக்குறிச்சியைத் தாண்டியதும் தியாகதுருகம் வருகிறது. பஸ்ஸில் போகிறவர்கள் அந்தப் பாறை மலையை ஜன்னல் வழியாக ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப் போவார்கள். மலைமேல் ஒரு கோட்டை இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூர்க்காரர் என்று மூன்று தரப்பாரும் அதற்காக அடித்துக்கொண்டார்கள். 1790-இல் திப்பு சுல்தானின் படை வந்து முற்றுகையிட்டபோது, கேப்டன் பிளிண்ட் என்பவன் கோட்டையை விடாமல் காத்தான் என்று சரித்திர புஸ்தகங்களில் படிக்கிறோம். பழைய பீரங்கிகளை மலையின்மேல் இன்றும் பார்க்கலாம்.

கோட்டையைப் பற்றியும் பீரங்கிகளைப் பற்றியும் எழுதுவதற்கு வேறு பேர் இருக்கிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது ஊரின் பெயரில் இருக்கும் 'தியாகம்' என்ற சொல்தான். இன்றைக்கு நாம் அதை ஒரே பொருளில் வழங்குகிறோம்: பிறருக்காகத் தன் நலத்தை இழப்பது. பழைய தமிழில் தியாகம் என்றால் கொடை என்றும் பொருள். தியாகி என்றால் வள்ளல். கற்றவர்களைக் காப்பாற்றுகிற காரியத்தில் இந்த இரண்டு பொருளுக்கும் வேலை உண்டு. கொடையைப் பற்றி நாம் வேண்டிய மட்டும் பேசியிருக்கிறோம். பாரி, ஓரி, காரி என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள். மற்றதைப் பற்றி இங்கே கொஞ்சம் பேசலாம் என்று பார்க்கிறேன்.

தியாகதுருகம் இருக்கும் இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் மலையமான்கள் ஆண்ட சீமை. அவர்களுடைய தலைநகரமான திருக்கோவலூர் இங்கிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரந்தான். அங்கே பெண்ணையாற்றில் கபிலர் குன்று இருக்கிறது. பாரியை மூவேந்தர்களும் முற்றுகையிட்டு அழித்த பிறகு, அவன் பெண்களை அழைத்துக்கொண்டு அலைந்த கபிலர், கடைசியில் இங்கே வந்து தீயில் புகுந்தார் என்பது வழிவழி வந்த செய்தி. திருக்கோவலூர்க் கோயிலில் உள்ள ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் அதைச் சொல்கிறது. அதே கபிலர் மலையமான் திருமுடிக்காரியையும் பாடியிருக்கிறார். புலவர்களுக்கு அள்ளிக் கொடுத்த குலம் அது.

அந்தக் குலத்துக்கே ஒரு நாள் ஆபத்து வந்தது. மலையமானின் சின்னஞ்சிறு பிள்ளைகளைச் சோழன் கிள்ளிவளவன் பிடித்துவந்து யானைக் காலில் இடச் சொன்னான். அந்தச் சபையில் கோவூர் கிழார் என்ற புலவர் எழுந்து நின்று பேசினார். அவர் பேசியது புறநானூற்றில் நாற்பத்தாறாவது பாட்டாக இருக்கிறது. பாட்டை நான் இங்கே எடுத்து எழுதப் போவதில்லை. சாரத்தை மட்டும் சொல்கிறேன். உன் முன்னோன் ஒரு புறாவின் துயரத்தைத் தீர்த்தவன் என்று அரசனுக்கு ஞாபகப்படுத்துகிறார். இந்தக் குழந்தைகள் யார் வீட்டுக் குழந்தைகள் தெரியுமா என்று கேட்கிறார். அறிவை உழுது பிழைக்கிறவர்கள் வறுமையில் வாடக் கூடாதே என்று அஞ்சித் தம் சோற்றைப் பகிர்ந்துகொண்டவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்கிறார். யானையைக் கண்ட வேடிக்கையில் குழந்தைகள் அழுகையை மறந்துவிட்டன, இப்போது சபையில் இருக்கும் புதிய முகங்களைப் பார்த்துத்தான் மிரளுகின்றன என்று காட்டுகிறார். கடைசியில், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி உன் இஷ்டம் என்று முடித்துவிடுகிறார். அவ்வளவுதான். பிள்ளைகள் பிழைத்தார்கள்.

அடுத்த பாட்டின் கதை நம்முடைய விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. சோழ நாட்டில் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பங்காளிச் சண்டை. நலங்கிள்ளியிடம் இருந்த இளந்தத்தன் என்ற புலவர் உறையூருக்குள் வந்தார். உறையூர் அப்போது நெடுங்கிள்ளியின் கையில் இருந்தது. எதிரியின் ஊரிலிருந்து வருகிறான், ஆகவே ஒற்றன் என்று நெடுங்கிள்ளி தீர்மானித்தான். விசாரணை என்ன வேண்டியிருக்கிறது? கொல்லச் சொல்லிவிட்டான்.

அங்கேயும் கோவூர் கிழார்தான் குறுக்கே வந்தார். புலவர்களின் பிழைப்பை அவர் அரசனுக்கு விவரிக்கிறார். வள்ளல்களைத் தேடிப் பறவைகளைப் போல நெடுவழி நடப்பவர்கள். கிடைத்ததைச் சுற்றத்தோடு உண்டு, மிச்சம் வைக்காமல் கொடுத்துவிடுபவர்கள். மானத்தைப் பெரிதாக நினைப்பவர்கள். இந்தப் பிழைப்பில் பிறருக்கு என்ன தீங்கு இருக்கிறது என்று கேட்கிறார். தம்மோடு வாதுக்கு வந்தவர்களைத் தலைகுனிய வைத்துவிட்டு நிமிர்ந்து நடக்கிறார்களே, அதைத் தவிர வேறு ஒரு தீங்கும் இல்லையே என்கிறார். அப்படி நடக்கும்போது, மண்ணை ஆளும் உன்னைப் போன்றவர்களுக்கு அவர்கள் சமானம் என்றும் ஒரு போடு போடுகிறார்.

கல்வித் துறையின் சுதந்திரம் என்று இன்றைக்குச் சர்வகலாசாலைகளில் பெரிய பெரிய தீர்மானங்கள் எழுதுகிறார்கள். அவை எல்லாவற்றின் கருவும் இந்தப் பேச்சில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கற்றவனோடு உனக்குச் சண்டையானால் வாதத்தில் அவனை ஜெயித்துக்கொள். கழுத்தில் கை வைக்காதே. இதற்கு மேல் அந்தச் சுதந்திரத்துக்கு விளக்கம் வேண்டுமா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோவூர் கிழார் நலங்கிள்ளியையும் பல பாட்டுகளில் பாடியவர். இளந்தத்தன் ஒற்றன் என்றால் அவருக்காகப் பரிந்து பேசுகிற இவர் மட்டும் யார் என்று நெடுங்கிள்ளி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது தெரிந்துதான் அவர் பேசியிருக்க வேண்டும். வள்ளல் கொடுத்தது பொன்னும் தேரும். கோவூர் கிழார் பணயமாக வைத்தது தம்முடைய தலையை. தியாகம் என்ற சொல்லின் இரண்டாவது பொருள் இதுதான்.

உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி நகரத்தில் ஒரு பேட்டை. காவிரியைக் கடந்தால் திருவானைக்காவல். 1888-இல் அங்கே பிறந்த ஒருவருக்கு, கோவூர் கிழாருக்கு வந்ததைப் போன்ற சந்தர்ப்பம் நம் காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. அவர்தான் சர் சி. வி. ராமன்.

1933-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஹிட்லரின் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. யூதர்களையும் அரசாங்கத்துக்குப் பிடிக்காத மற்றவர்களையும் உத்தியோகத்திலிருந்து விலக்கும் சட்டம் அது. ஜெர்மனியின் சர்வகலாசாலைகளில் உலகப் புகழ் பெற்ற பேராசிரியர்கள் ஒரே நாளில் வேலையற்றவர்கள் ஆனார்கள். மே மாதமே லண்டனில் வில்லியம் பெவரிட்ஜ் முதலியவர்கள் கூடி, அவர்களுக்கு வேலையும் உதவிச் சம்பளமும் தேடிக்கொடுக்க ஒரு கழகம் அமைத்தார்கள். விஞ்ஞானி ரூதர்போர்டு அதற்குத் தலைவர். அக்டோபரில் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் ஐன்ஸ்டீன் வந்து பேசினார். அந்தக் கழகம் பெயர் மாறி இன்றும் வேலை செய்கிறது.

வேலை இழந்தவர்களில் ஒருவர் கோட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர் மாக்ஸ் பார்ன். அணுவைப் பற்றிய புதிய கணிதத்தை வகுத்தவர்களில் முன்வரிசைக்காரர். கேம்பிரிட்ஜில் தாற்காலிகமாக ஓர் இடம் கிடைத்திருந்தது. ராமன் அப்போது பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டர். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அவர் பார்னைப் பெங்களூருக்கு அழைத்தார். 1935-இல் பார்ன் மனைவியோடு வந்து ஆறு மாத காலம் தங்கினார். நாகேந்திர நாத் என்ற இளைஞர் அவரோடு சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளும் எழுதினார். இவரை இங்கேயே நிரந்தரப் பேராசிரியராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ராமனுக்கு ஆசை. கழகத்தின் பேராசிரியர்கள் கூடிய கூட்டத்தில் பார்னைப் பற்றி மிகவும் உயர்வாகப் பேசினார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்னே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். புதிதாக வந்திருந்த ஓர் ஆங்கிலப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட இரண்டாந்தரமான ஓர் அன்னியர் நமக்கு வேண்டாம் என்ற கருத்தில் பேசினாராம். பார்ன் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குத் திரும்பி மனைவியிடம் வந்ததும் அழுதுவிட்டார்.

ராமனின் எண்ணம் நிறைவேறவில்லை. 1936-இல் பார்ன் எடின்பரோவுக்குப் பேராசிரியராகப் போய்விட்டார். அதே வருஷம் கழகத்தின் நிர்வாகத்தை ஆராய ஒரு கமிட்டி வந்தது. ராமன்மீது அடுக்கப்பட்ட பல குற்றங்களில் பார்னுக்காக விசேஷப் பதவி உண்டாக்க முயன்றதும் ஒன்று. 1937-இல் ராமன் டைரக்டர் பதவியை விட்டார். மற்றவர்களை அனுசரித்துப் போகிற சுபாவம் அவருக்கு இல்லை என்பது ஊரறிந்த சங்கதி. பதவி போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும், துரத்தப்பட்ட ஒருவருக்கு நாற்காலி போடப் பார்த்தவரின் நாற்காலியும் ஆட்டம் கண்டது என்பது உண்மை. அந்த 'இரண்டாந்தர'மானவருக்கு 1954-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு நண்பர் என்னைக் கேட்டார்: "நம் ஊரில் எத்தனையோ வித்வான்கள் சோற்றுக்குத் தாளம் போடுகிறார்கள். வெளிநாட்டுக்காரருக்கு உபகாரம் செய்வதற்கு என்ன அவசரம்?" நியாயமான கேள்விதான். ஆனால் சோறு இல்லாத வித்வானின் கஷ்டம் வேறு, வித்வானாக இருப்பதனாலேயே துரத்தப்படுகிறவனின் கஷ்டம் வேறு. பின்னவனுக்கு முதலில் வேண்டியது ஒரு ஊர். அவனை நாம் கைவிட்டால் அவன் ஒருவனோடு போகாது. அவன் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடியதும் போகும். அதைவிட, பார்த்துக்கொண்டிருந்த மற்ற வாத்தியார்கள் வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

எல்லாச் சபையிலும் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் அரசன் இருப்பதில்லை. யாழ்ப்பாணச் சர்வகலாசாலையில் உடற்கூற்றியல் துறைத் தலைவியாக இருந்த டாக்டர் ராஜினி திராணகமவை நினைத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் லிவர்பூலில் மேற்படிப்பு முடித்தவர். அங்கேயே சுகமாக இருந்திருக்கலாம். யுத்தம் நடக்கும் ஊருக்குத் திரும்பிவந்தார். சக ஆசிரியர்களோடு சேர்ந்து, அப்பாவி ஜனங்களுக்கு யார் யார் என்னென்ன கொடுமை செய்தார்கள் என்பதை எழுதி வைத்தார். இலங்கை ராணுவம், இந்திய ராணுவம், தமிழ் இயக்கங்கள் என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. 1989 செப்டம்பர் 21-ஆம் தேதி, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பத்தைந்து. இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய். விடுதலைப் புலிகள்தான் கொன்றார்கள் என்று அவருடைய தோழர்கள் எழுதினார்கள். யாரும் தண்டனை அடையவில்லை.

ராஜினிக்காகச் சபையில் எழுந்து பேச ஒரு கோவூர் கிழாருக்கு அவகாசமே கொடுக்கப்படவில்லை. ஆனால் அவர் மற்ற மூவரோடு சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' என்ற புஸ்தகம் 1990-இல் வெளிவந்தது. தோழர்களான ராஜன் ஹூலும் ஸ்ரீதரனும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, தலைமறைவாக வாழ்ந்துகொண்டே அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். செத்தவருக்குப் பரிந்து பேசுவது என்றால் அவர் விட்ட இடத்திலிருந்து எழுதுவதுதான் என்று அவர்கள் தீர்மானித்திருக்க வேண்டும்.

தியாகதுருகத்திலிருந்து மேற்கே அதே சாலையில் போனால் சேலம்; அதற்கு அப்பால் நாமக்கல். அங்கே அரசாங்கக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகன் 2010-இல் எழுதிய 'மாதொருபாகன்' நாவலுக்கு, 2014-ஆம் வருஷக் கடைசியில் எதிர்ப்புக் கிளம்பியது. அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சில் அவர் மன்னிப்பு எழுதிக்கொடுக்க நேர்ந்தது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று தாமே அறிவித்துவிட்டார். அவர் ஓய்ந்துவிட்ட சமயத்தில் ஹைகோர்ட்டுக்குப் போனது தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம். 2016 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அந்த மன்னிப்பு அவரைக் கட்டுப்படுத்தாது, அவர் மறுபடி உயிர் பெற்று எழுதட்டும் என்ற கருத்தில் நீதிபதிகள் சொன்னார்கள். அவர் எழுதினார். பாதிக்கப்பட்டவருக்குப் பேசத் தெம்பில்லாதபோது பேசுவதற்கு வேறொருவர் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சமீபத்திய அத்தாட்சி எனக்குத் தெரியாது.

உலகத்தில் இந்தத் தேவை குறையவில்லை. ஆப்கானிஸ்தானத்தில் 2021-இல் தாலிபான்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். 2022 டிசம்பரில் பெண்களுக்குச் சர்வகலாசாலைக் கதவையே சாத்திவிட்டார்கள். கற்பித்துக்கொண்டிருந்த பெண்கள் எத்தனையோ பேர் நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. 1999-இல் சிகாகோவில் ஆரம்பித்த ஒரு முயற்சி வளர்ந்து, இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்வி ஸ்தாபனங்கள், ஆபத்தில் இருக்கும் அறிஞர்களுக்கு இடம் கொடுக்கக் கைகோத்திருக்கின்றன. அவர்கள் செய்வது மிகவும் சாதாரணமான காரியந்தான்: ஒரு வருஷத்துக்குச் சம்பளம், குடியிருக்க ஒரு வீடு, விசா வாங்க ஒரு கடிதம், பாடம் நடத்த ஒரு வகுப்பறை. காரியம் சாதாரணம், அதனால் ஓர் உயிரும் ஓர் அறிவும் பிழைக்கின்றன.

நாம் சர்வகலாசாலை நடத்துகிறவர்கள் அல்ல. நம்மால் என்ன ஆகும் என்று வாசகர்கள் நினைக்கலாம். கோவூர் கிழாரிடமும் யானையோ படையோ இருக்கவில்லை. நம் ஊர்க் கல்லூரியில் ஒரு வாத்தியார் எழுதிய கட்டுரைக்காகவோ, வகுப்பில் சொன்ன ஒரு வார்த்தைக்காகவோ கூட்டம் கூடும்போது, நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. அவர் சொன்னது தப்பாகவே இருக்கலாம். தப்பு என்று எழுதுவோம். மேடை போட்டு வாதம் செய்வோம். வாதத்தில் தோற்கடித்தால் சந்தோஷப்படுவோம். அவருடைய வேலைக்கும் உயிருக்கும் ஆபத்து வந்தால் மட்டும், கூட்டத்தில் ஒருவராவது எழுந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். கேட்பதும் கேட்காததும் ஆள்கிறவன் இஷ்டம். சொல்வது நம்முடைய கடமை.