வெள்ளாறு காட்டிய கணக்கு

எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான், பயிருக்கு அடிப்பதும் மருந்துதான். அதை எடுத்து யாராவது குடித்துச் செத்துப்போனால்கூட "மருந்து குடிச்சிட்டான்" என்றுதான் பேச்சு. பூச்சியைக் கொன்ற பிறகு அந்த மருந்து எங்கே போகிறது என்று கேட்டால் பெரியவர்களிடம் ஒரே பதில்தான் இருந்தது: "மழை பெஞ்சா ஆத்தோட போயிடும்."

இந்தப் பதிலை ஒருமுறை உண்மையாகவே அளந்து பார்த்திருக்கிறார்கள். அளந்த ஆறு, பரங்கிப்பேட்டையில் கடலில் சேரும் எங்கள் வெள்ளாறு.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. 1952இல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ரிஷ்ராவில் பி.எச்.சி. தயாரிப்பு தொடங்கியது. இந்தியாவின் பூச்சிக்கொல்லித் தொழில் பிறந்தது அங்கேதான். 1960இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அடுத்து ஏ.டி.டி. 27, ஐ.ஆர். 8 என்று புதிய நெல் ரகங்கள் வந்தன. ரகம் உரம் கேட்டது. உரம் போட்ட பயிர் கருகருவென்று தழைத்தது. தழைத்த பயிரைத் தேடிப் பூச்சி வந்தது. பின்னாடியே பவுடர் மூட்டையும் வந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே வெள்ளாற்றுப் பாசனத்திலும் இதே கதைதான்.

அந்தப் பவுடரின் வேதியியல் பெயர் எச்.சி.எச். ஒரே மூலக்கூறு, பல வடிவங்கள். அவற்றில் பூச்சியைக் கொல்வது காமா என்ற ஒரு வடிவம் மட்டுமே. நூறு கிலோ சரக்கில் அது 10 முதல் 15 கிலோதான் இருக்கும். 60, 70 கிலோ ஆல்ஃபா என்ற வடிவம். பூச்சிக்கு அதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. விலை மலிவு என்பதால் பிரித்தெடுக்காமல் அப்படியே விற்றார்கள். விவசாயி காசு கொடுத்து வாங்கித் தூவியதில் பெரும்பகுதி வேலைக்கே ஆகாத சரக்கு.

1980களின் கடைசியில் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகமும் சேர்ந்து வெள்ளாற்று நீரை மாதக்கணக்கில் எடுத்துச் சோதித்தன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது நெல்லுக்கு மருந்து விழும் காலத்தில், ஆற்றில் எச்.சி.எச். கூடியது. இது எதிர்பார்த்ததுதான். 1991இல் வெளியான மொத்தக் கணக்குதான் அதிர வைத்தது. வயலில் போட்ட எச்.சி.எச்.சில் கழிமுகம் வரை ஆற்றோடு வந்தது 0.4 சதவீதம். மீதி 99.6 சதவீதம் காற்றில் போயிருந்தது.

காரணம் நம் வெயில். முழங்காலுக்கும் கீழே நிற்கிற வயல் நீர் பகல் முழுக்கச் சுடுகிறது, அதிலிருந்து எச்.சி.எச். ஆவியாகிக் கிளம்பிவிடுகிறது. ஆற்றைப் பார்த்தால் அவ்வளவாக அழுக்கில்லை. வண்டலிலும் பெரிதாகத் தேங்கவில்லை. அப்புறம் அது போன இடம் எது?

வடக்கு. சூடான இடத்தில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் இறங்கி, மறுபடி எழும்பி இப்படியே துருவம் வரை போகிற இந்தப் பயணத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் வெட்டுக்கிளி விளைவு. பூச்சியைக் கொல்ல வந்தது பூச்சி மாதிரியே தாவிப் போகிறது! குளிர்ந்த நீர் காற்றிலிருக்கும் ஆல்ஃபாவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நெல் என்ற பயிரே விளையாத ஆர்க்டிக் கடலில் அதிகமாகக் கிடைத்த பூச்சிக்கொல்லிகளில் ஆல்ஃபா முன்னால் நின்றது. 1980களில் கனடாவின் வடகோடி இனுயிட் தாய்மார்களின் பாலில் இந்த வகைக் குளோரின் சேர்மங்கள் இருப்பது தெரிந்தது. சீனா 1983இல் நிறுத்தியது. இந்தியா 1997இல் தடை செய்தது. ஆர்க்டிக் காற்றிலும் அளவு இறங்கியது. நம் வயலுக்கும் அவர்கள் வானத்துக்கும் இருந்த உறவுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, பவுடர் போச்சு, இனி நிம்மதியா இருக்கலாமா? இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. இன்றைக்குப் புகையானுக்கு அடிக்கிற இமிடாகுளோபிரிட் வேறு ஜாதி. ஒரு லிட்டர் நீரில் காமா எச்.சி.எச். சுமார் 7 மில்லிகிராம்தான் கரையும். இது 600 மில்லிகிராம் வரை கரையும். லேசில் ஆவியாகாது. அதாவது இதற்கு வானம் வழியில்லை. வாய்க்கால்தான் வழி, வடிகால்தான் வழி, ஏரிதான் வழி. "ஆத்தோட போயிடும்" என்ற பதில் பவுடருக்குப் பொருந்தவில்லை, இதற்குப் பொருந்துகிறது.

ஆனால் போகிற ஆறு எங்கேயோ போய்ச் சேர்கிறது. 2004 முதல் வீராணம் ஏரித் தண்ணீர் 230 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்குப் போகிறது. அந்த ஏரியைச் சுற்றியும் அதற்கு நீர் வரும் வழியெங்கும் நெல் வயல்தான். பரங்கிப்பேட்டையில் அன்று பாட்டிலும் கையுமாக நின்றவர்கள் மாதம் தவறாமல் செய்த வேலையை, இன்று அடிக்கிற மருந்துகளுக்கும் அதே பொறுமையோடு செய்யவேண்டும். வயலில் அடிப்பவருக்கும் குழாயில் பிடிப்பவருக்கும் நடுவே இருப்பது ஒரே தண்ணீர்.