குளிர்கால ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு

மேடு பள்ளமான பனித்தடத்தில், குதிகால் பிணைக்கப்படாத மெல்லிய சறுக்குக் கட்டைகளை அணிந்து, இரு கைகளிலும் கோல் ஊன்றி நெடுந்தொலைவு விரையும் போட்டி. பிரான்சின் ஷாமனியில் 1924இல் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக் தொட்டு இடம்பெறுகிறது. 'குளிர்கால விளையாட்டு வாரம்' என்றே அன்று அழைக்கப்பட்ட அவ்விழாவுக்கு ஒலிம்பிக் தகுதி பிறகுதான் கிடைத்தது. ஆடவருக்கு 18 கி.மீ., 50 கி.மீ. என இரு ஓட்டங்கள் இருந்தன. இரண்டிலும் நார்வேயின் தோர்லைஃப் ஹவ்க் வென்றார்.

1928இல் சான் மோரிட்சில் நடந்த 50 கி.மீ. ஓட்டத்தில் வெயில் ஏறிப் பனி இளகியது. வெப்பம் 25 பாகை செல்சியஸ் வரை உயர்ந்ததாகச் சொல்வார்கள். சுவீடனின் பெர்-எரிக் ஹெட்லுண்ட் 13 நிமிடத்துக்கும் கூடுதலான இடைவெளியில் வென்றார். தொடரோட்டம் 1936இல் வந்தது. மகளிருக்கு 1952 வரை இடமில்லை. அவ்வாண்டு ஆஸ்லோவில் 10 கி.மீ. ஓட்டத்தின் மூன்று பதக்கங்களையும் பின்லாந்துப் பெண்களே பெற்றனர், தங்கம் லிடியா வீடெமனுக்கு. சோவியத் ஒன்றியம் 1956இல் களமிறங்கியது.

அதிகம் எழுதப்பட்டிருப்பது 1980இல் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில் நடந்த 15 கி.மீ. ஓட்டம். வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டுப் புறப்பட, எடுத்துக்கொண்ட நேரமே வெற்றியை முடிவு செய்யும். நெடிய உருவமும் தாடியுமாக பின்லாந்தின் யூஹா மியெட்டோ முதலில் வந்து சேர்ந்தார்: 41 நிமிடம் 57.64 வினாடி. அவருக்குப் பின்னால் புறப்பட்ட சுவீடனின் தாமஸ் வாஸ்பெர்க் எடுத்தது 41 நிமிடம் 57.63 வினாடி. அந்த வேகத்தில் வினாடியின் நூற்றில் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர். பதினைந்து கிலோமீட்டர் ஓடிய பிறகு இவ்வளவுதான் வித்தியாசம். எட்டு ஆண்டுகளுக்கு முன் சப்போரோவில் இதே தூரத்தில் மியெட்டோ வெண்கலத்தை இழந்ததும் 0.06 வினாடியில்தான். பதக்கங்களைப் பாதியாக வெட்டிப் பகிரலாம் என்று வாஸ்பெர்க் முன்வந்ததாக ஒரு செய்தி உண்டு. விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. லேக் பிளாசிட் ஓட்டத்தையடுத்து நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு வினாடி வரை மட்டுமே கணக்கிடும் வழக்கம் வந்தது.

அக்காலத்திலேயே கட்டைகளைப் பக்கவாட்டில் உதைத்துச் செல்லும் 'ஸ்கேட்டிங்' முறை பரவியது. இதை முதலில் கையாண்டவர் யார் என்பதில் ஒருமித்த கருத்தில்லை. பின்லாந்தின் பாவுலி சீட்டோனென் பெயரைச் சிலரும், அமெரிக்காவின் பில் காக் பெயரைச் சிலரும் சொல்வர். பழைய நடையில் கட்டையின் நடுப்பகுதிக்கு, மேட்டில் பின்னுக்கு வழுக்காதிருக்கப் பிடிமான மெழுகு பூச வேண்டும். புதிய முறைக்கு அது தேவையில்லை, வேகமும் கூடியது. 1988இல் கல்காரியில் 'கிளாசிக்', 'ஃப்ரீ' என இரண்டும் தனித்தனிப் போட்டிகளாயின.

1998இல் நாகனோவில் 10 கி.மீ. ஓட்டத்தை வென்ற நார்வேயின் பியோர்ன் டேலி, கடைசியாக வந்த கென்ய வீரர் பிலிப் பாய்ட்டுக்காக எல்லைக்கோட்டருகே ஏறத்தாழ இருபது நிமிடம் காத்திருந்து தழுவி வரவேற்றார். பாய்ட் பின்னர் தம் மகனுக்கு டேலி என்றே பெயரிட்டார்.

குறுந்தொலைவு 'ஸ்பிரின்ட்' 2002இல் சேர்ந்தது. ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் யோஹான் மூலெக், லாரிசா லாசுட்டினா, ஓல்கா டானிலோவா ஆகியோர் அவ்வாண்டு பெற்ற பதக்கங்களை இழந்தனர். 2006இல் டூரினில் கனடாவின் சாரா ரென்னருக்குக் கோல் முறிந்தபோது, தடத்தோரம் நின்ற நார்வேப் பயிற்றுநர் பியோர்னார் ஹோகென்ஸ்மோயென் தம் கோலை நீட்டினார். கனடா வெள்ளி வென்றது; நார்வே நான்காமிடம். நன்றியாகக் கனடாவிலிருந்து மேப்பிள் பாகு டின்கள் வந்து குவிந்தன.

நார்வேயின் மாரிட் பியோர்கென் 2002 முதல் 2018 வரை 15 பதக்கங்கள் பெற்றார். இந்தியா சார்பில் 2010இல் தாஷி லுண்டுப் கலந்துகொண்டார். 2022இல் பெய்ஜிங்கில் பலத்த காற்றால் ஆடவர் 50 கி.மீ. ஓட்டம் சுருக்கப்பட்டது. 2026 மிலான்-கோர்டினா விழாவுக்கு ஆடவர், மகளிர் ஓட்டங்களின் தூரங்கள் சமமாக்கப்பட்டு, மகளிருக்கும் 50 கி.மீ. சேர்க்கப்பட்டது.