தமிழ் மறுமலர்ச்சி
தமிழ் மறுமலர்ச்சி என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழந்தமிழ் நூல்கள் ஏட்டுச் சுவடிகளிலிருந்து அச்சேறியதையும், அதனால் தமிழ்ச் சமூகத்தில் விளைந்த கருத்து மாற்றங்களையும் குறிக்கும். கிரேக்க, இலத்தீன் நூல்களின் மீட்பால் எழுந்த ஐரோப்பிய மறுமலர்ச்சியுடன் இது ஒப்பிடத்தக்கது.

அதற்குமுன் தமிழ்க் கல்வியில் தலபுராணம், அந்தாதி முதலிய சமய நூல்களே மேலோங்கியிருந்தன. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் வினவியபோது, சைவ மடத்தில் பயின்ற உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் படித்திருக்கவில்லை. பின்னர் அவ்வூர்ச் சமணர்களிடமே ஐயம் தெளிந்து, அச்சமண காப்பியத்தை 1887இல் பதிப்பித்தார். சமய எல்லை கடந்த இத்தேடலே இம்மறுமலர்ச்சியின் தனிச்சிறப்பு எனலாம். அதே ஆண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். அரசரையும் மறவரையும் பாணரையும் பாடும் புறநானூறு 1894இல் சாமிநாதையர் பதிப்பாக வந்தது.

தமிழ் வடமொழியிலிருந்து பிறந்தது என்னும் நம்பிக்கையைக் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இலேயே மறுத்திருந்தது. சங்க நூல்களின் வரவு அம்மறுப்புக்கு வலுவூட்டியது.