இசைக் குறுந்தகடுகளில் நகல்தடுப்பு

இசைக் குறுந்தகட்டில் (சிடி) உள்ள பாடல்களை வேறொரு கருவியில் பதிவு செய்ய விடாமல் தடுக்கும் நுட்பங்கள். பிலிப்ஸும் சோனியும் 1980இல் வகுத்த ‘சிவப்புப் புத்தகம்’ என்னும் தரவரையறையில் பூட்டு எதுவும் இல்லை. ‘நகலெடுக்கலாகாது’ என்னும் ஒரு குறி மட்டும் உண்டு. அதை மதிப்பது கருவியின் விருப்பம். பிற்காலத் தடைகள் எல்லாம் தோற்றதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1987இல் ஜப்பானில் டாட் என்னும் எண்ணியல் ஒலிநாடாக்கருவி வந்ததும் இசை நிறுவனங்கள் பதறின. சிடிக்கு நிகரான தரத்தில் வீட்டிலேயே பதிவு செய்ய அது வழி திறந்தது. அமெரிக்க நிறுவனமான சிபிஎஸ் முன்வைத்த ‘காப்பிகோட்’ முறை, 3838 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை இசையிலிருந்தே வெட்டியெடுத்தது. அந்த வெற்றிடத்தைக் கண்டதும் கருவி பதிவை நிறுத்த வேண்டும். பியானோவின் உச்சக் கட்டைகள் ஒலிக்கும் இடம் அது. இசையைக் காக்க இசையையே செதுக்கிய இந்த விசித்திர யோசனையை அமெரிக்க அரசின் தர ஆய்வகம் சோதித்தது. குறை காதுக்குத் தெரிகிறது, தடையை எளிதில் ஏமாற்றலாம் என 1988இல் அறிவித்தது. அதே ஆண்டு சிபிஎஸ் இசைப்பிரிவை வாங்கியது, டாட் கருவிகளை விற்றுவந்த சோனிதான்.

1992இல் அமெரிக்கச் சட்டம் ஒரு சமரசம் கண்டது: அசலிலிருந்து நகலெடுக்கலாம், நகலிலிருந்து கூடாது, எண்ணியல் பதிவுக்கருவிகளின் விலையில் 2 சதவீதமும் வெற்று நாடாக்களின் விலையில் 3 சதவீதமும் உரிமத்தொகை. பொதுப்பயன் கணினிகள் இதற்குள் வரவில்லை. சிடி எழுதும் டிரைவும் எம்பி3யும் பரவியபோது சட்டத்தின் பிடி நழுவியது.

2001 முதல் நிறுவனங்கள் தகட்டையே கோணலாக்கின. கணினியைக் குழப்பப் பொய்யான தடப்பட்டியலைச் சேர்த்தன. சில கார் பிளேயர்களும் சேர்ந்து குழம்பின. 2002இல் ஒரு வகைத் தடை, தகட்டின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடிழுத்ததும் விலகியது. மறு ஆண்டு இன்னொன்று, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு தகட்டைப் போட்டதும் செயலிழந்தது. இத்தகைய தகடுகள் சிடி முத்திரைக்கு உரியவை அல்ல என்பது பிலிப்ஸின் நிலை.

சோனி பிஎம்ஜி 52 தொகுப்புகளில் சேர்த்த எக்ஸ்சிபி மென்பொருள்தான் உச்சம். அது விண்டோஸின் அடித்தளத்தில் ஒளிந்துகொண்டது. தீநிரல்களும் அதே மறைவைப் பயன்படுத்தின. விண்டோஸ் வல்லுநர் மார்க் ருசினோவிச் 2005 அக்டோபர் 31 அன்று இதை அம்பலப்படுத்தினார். நிறுவனம் தந்த நீக்கும் நிரல் இன்னும் பெரிய ஓட்டையைத் திறந்தது. நவம்பரில் தகடுகள் திரும்பப் பெறப்பட்டன, வழக்குகள் குவிந்தன. 2007இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் செய்த உடன்பாட்டின்படி, கணினி பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை ஈடு தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2008 ஜனவரியில், நான்கு பெரும் இசை நிறுவனங்களில் கடைசியாக, அது பூட்டில்லாத எம்பி3 விற்க முன்வந்தது.